நேர்முகத் தேர்வுக்கு மீசை வந்தது குறித்து

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் இரத்த அழுத்தமும் அக்காவின் இடது முழங்காலும் கட்டுக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில் இதைத் தொடங்குகிறேன். தாங்கள் படித்து முடிக்கும்போதும் அவை அப்படியே இருக்க வேண்டும் என்பது என் பிரார்த்தனை. இங்கே நான், என் மனைவி, என் மகள், அவளுடைய செலோ ஆகிய நால்வரும் மூன்று அறைகளுக்குள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம்.

தாங்கள் அனுப்பிய எட்டு வரிக் கடிதம் வந்து சேர்ந்தது. ஐந்து வரிகளுக்கு அடிக்கோடு இட்டிருந்தீர்கள். எதையும் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு என்பதால், புரிந்துகொண்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் தலைவராக இருக்கும் உறைவிடப் பள்ளியில் இசை ஆசிரியர் பணியிடம் ஒன்று காலியானது. நிரந்தரமான வேலை, தங்குவதற்கு அறையும் உண்டு. நாற்பத்தோரு வயதாகியும் நிலையான வேலை எதுவும் இல்லாமல் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் செலோவைத் தூக்கிக்கொண்டு போகிற என் மகளுக்கு அதை வாங்கித் தருவதற்காக, தேர்வுக் குழுவின் மற்ற நான்கு உறுப்பினர்களிடமும் தாங்கள் தனித்தனியாகப் பேசி வைத்தீர்கள். சென்ற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு ஆறடி உயரத்தில், பெரிய மீசையுடன் ஒரு மனிதன் செலோவோடு உள்ளே வந்தான். "அவங்களுக்குப் பதிலா நான் வந்திருக்கேன். எங்க உட்காரணும்?" என்று கேட்டான். தாங்கள் வாயைத் திறப்பதற்குள் உட்கார்ந்தும்விட்டான். இருபது நிமிடம் வாசித்தான். தலைவர் சொல்லிவைத்த ஆள் இவன்தான் போலிருக்கிறது என்று எண்ணிய நான்கு உறுப்பினர்களும் தங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அங்கேயே நியமனத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அன்று மாலையே அவன் அறைச் சாவியை வாங்கிக்கொண்டான். 'நேர்முகத் தேர்வுக்கு ஆள் அனுப்பும் குடும்பத்தில் பெண் எடுத்தவன் நான்' என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான வாக்கியம். முப்பத்தாறு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்ற முறையில், அதில் திருத்துவதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இப்படி ஒன்று எப்படி நடக்கும் என்று கேட்கிறீர்கள். அதற்குத் தாங்கள் இந்தத் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தொழில் என்று சொல்வது சரியா என்பதிலேயே எனக்குத் தெளிவில்லை. தொழில் என்றால் போவதற்கு ஓர் இடமும், வருவதற்கு ஒரு நேரமும், திட்டுவதற்கு ஒரு மேலாளரும் இருக்க வேண்டும். என் மகளுக்கு மேலாளர்கள் நாளுக்கு ஒருவர். அவர்களில் எவருக்கும் செலோ என்றால் என்னவென்று தெரியாது. வயலினுக்குப் பெரியண்ணன், உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டு வில்லால் வாசிப்பது என்று அவள் ஒவ்வொருவருக்கும் விளக்கியாக வேண்டும். பெட்டியோடு அவள் முதுகில் மாட்டிக்கொண்டால் அது என்னைவிட நான்கு விரற்கடை உயரம். எங்கள் கட்டடத்தின் மின்தூக்கியில் ஒன்று அவளும் அதுவும் போகலாம், அல்லது அவளும் நானும் போகலாம். காவலாளி அந்தப் பெட்டிக்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்திருக்கிறான். "பெரியவர் முதல்ல போகட்டும் சார், நீங்க படியில வாங்க" என்பான். எழுபத்து நான்கு வயதில் நான் நான்கு மாடி ஏறுகிறேன்.

அவளை வேலைக்குக் கூப்பிடுகிறவர்களின் தரத்தை வரிசைப்படுத்திச் சொல்லத்தான் நினைத்தேன். தனித்தாளில் குறிப்பும் எடுத்தேன். ஆனால் வரிசை என்பதே அந்த வாழ்க்கையில் இல்லாததால் குறிப்பிலும் அது நிற்க மறுக்கிறது. ஒரு மரச்சாமான் கடைத் திறப்புவிழாவில் அவளை விற்பனைக்கு வைத்திருந்த நாற்காலியிலேயே உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். பாதி வாசிப்பில் ஒரு தம்பதி வந்து அவளை எழுந்திருக்கச் சொல்லி, நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்து, அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீதியை அவள் ஒரு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வாசித்தாள். கடைக்காரர் ஓடிவந்து, "மேடம், கட்டிலுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் தூக்கம் வர்ற பாட்டா வாசிங்க" என்றாராம். அதற்கு அடுத்த வாரம் ஒரு திருமணம். செயற்கை நீரூற்றுக்குப் பின்னால் அவளை உட்காரவைத்துவிட்டு, ஏற்பாட்டாளர் ஒருவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, சத்தம் குறைவாக இருக்கட்டும் என்றிருக்கிறார். கடைசியில் அவள் வில்லைக் கம்பியில் படாமலே ஆட்டிக்கொண்டிருந்தாள். "இப்பதான் கரெக்டா இருக்கு" என்று அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மூன்று மாதம் ஒரு நாடகக் கொட்டகையில் மேடைக்கு அடியிலிருந்த பள்ளத்தில் உட்கார்ந்து வாசித்தாள். அந்த நாடகத்தின் கதை என்னவென்று கேட்டேன். "தெரியலப்பா. யாரோ ரெண்டு பேர் அடிக்கடி ஓடறாங்க. மூணாவது காட்சியில எவனோ செருப்பை உதறிட்டு அழறான். அந்தச் செருப்பு தினமும் என் மேல விழுது" என்றாள். பேய்ப் படம் ஒன்றுக்கு ஒரே சுரத்தைப் பன்னிரண்டு நிமிடம் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள். பிறகு அந்தப் பேயைப் படத்திலிருந்தே வெட்டிவிட்டார்களாம்.

மெத்தை விளம்பரத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்லத்தான் வேண்டுமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் அக்காவிடம் என் மனைவி சொல்லிவிடுவாள். படம் எடுக்கிற இயக்குநர் என் மகளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாசிப்பதற்கு ஓர் இளம் அழகியை உட்காரவைத்தார். அந்தப் பெண்ணுக்கு விரல் வைக்கத் தெரியவில்லை. எனவே என் மகள் அவளுக்குப் பின்னால் மண்டியிட்டு ஒளிந்துகொண்டு, தன் இடது கையை மட்டும் அவள் தோளுக்குக் கீழே நீட்டிச் செலோவின் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் படித்த படிப்பு. அந்தக் கை இப்போது நாற்சந்தி விளம்பரப் பலகையில் இருபதடி உயரத்தில் நிற்கிறது. என் மனைவி எதிர்வீட்டுக்காரியைக் கூட்டிப்போய்க் காட்டினாள். "அந்த முகம் இல்ல. கை. அந்தக் கை எங்க பொண்ணோடது." எதிர்வீட்டுக்காரி நிதானமாகப் பார்த்துவிட்டு, "வளையல் நல்லா இருக்கு" என்றாள். வளையல் அந்த இயக்குநருடையது.

கற்றுக்கொடுக்கும் பக்கமாவது கௌரவமாக இருக்கும் என்று தாங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். வகுப்புகள் எங்கள் முன்னறையில்தான் நடக்கின்றன. அந்த நேரங்களில் நான் சமையலறையில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். செவ்வாய்க்கிழமைகளில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வருகிறார். இரண்டு ஆண்டுகளாக முதல் பாடத்தின் நான்காவது வரியில் இருக்கிறார்.

"சார், அந்த சுரம் கொஞ்சம் தாழ்ந்துடுச்சு."

"தாழ்ந்ததுன்னு எதை வெச்சு சொல்றே?"

"கேட்டேன் சார்."

"நீ மட்டும் கேட்டா போதாதும்மா. வேற யாராவது கேட்டாங்களா?"

இந்த இடத்தில் அவர் சமையலறைப் பக்கம் திரும்பி என்னைக் கூப்பிடுவார். நான் போய் நிற்பேன். தாழ்ந்ததா இல்லையா என்று கேட்பார். எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்று உண்மையைச் சொல்வேன். "சந்தேகத்தோட பலன் எனக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியைத் திரும்ப வாசிப்பார். வியாழக்கிழமைகளில் ஒரு கணவனும் மனைவியும் வந்து ஒரே செலோவில் ஆளுக்கு அரைமணி நேரம் கற்றுக்கொள்கிறார்கள். மனைவி வாசிக்கும்போது கணவர் கண்ணை மூடிக்கொள்கிறார். கணவர் வாசிக்கும்போது மனைவி கைப்பையைத் திறந்து மூடுகிறாள். வேறு எந்தச் சண்டையும் தங்களுக்குள் இல்லை என்று இருவருமே சொல்கிறார்கள். பல் மருத்துவர் ஒருவர் இருக்கிறார். கடினமான இடம் வந்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "உங்க அப்பா ஏன் அந்தப் பக்கமாவே மெல்றாரு?" என்று ஆரம்பித்துவிடுவார். போன மாதம் செலோ வகுப்பு முழுவதும் நான் வாயைத் திறந்தபடி விளக்கடியில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது மாற்றாள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் ஒருவருக்கும் 'முடியாது' என்ற சொல் வராது. ஒருமுறை முடியாது என்று சொன்னால் மறுமுறை கூப்பிட மாட்டார்கள் என்று எல்லோரும் நடுங்குகிறார்கள். ஆகவே யார் கூப்பிட்டாலும் வருகிறேன் என்கிறார்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால், ஓர் இடத்துக்குத் தாம் போய்விட்டு மற்றதற்கு மாற்றாள் அனுப்புகிறார்கள். கூப்பிட்டவர் அதைக் கண்டுகொள்வதும் இல்லை. நாற்காலி நிரம்பியிருக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர் கறுப்பு உடுத்தியிருக்க வேண்டும், அவ்வளவுதான். என் மகள் இந்த ஆண்டில் மட்டும் பதினொரு பேராக வாசித்திருக்கிறாள். இதில் உச்சம் ஒன்று உண்டு. ஒரு விருந்துக்கு வர ஒப்புக்கொண்டுவிட்டு, போக முடியாமல் ஒரு மாற்றாளிடம் கொடுத்தாள். அவர் இன்னொருவரிடம் கொடுத்தார். அவருக்கும் வேலை வந்துவிட, ஆள் தேடிக் கடைசியில் என் மகளையே அழைத்தார். அதற்குள் அவளுடைய மற்ற வேலை கெட்டுப்போயிருந்தது. ஆக, தன் மாற்றாளின் மாற்றாளுக்கு மாற்றாளாகத் தானே போய் வாசித்துவிட்டு வந்தாள். விருந்து முடிந்ததும் ஏற்பாட்டாளர் அவளைத் தனியே அழைத்து, "தப்பா நினைக்காதீங்க, முதல்ல வர்றதா இருந்தவங்க இன்னும் நல்லா வாசிப்பாங்க" என்றாராம். இதைச் சொல்லிவிட்டு அவள் சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று இன்றுவரை விளங்கவில்லை.

தங்கள் எதிரில் வந்து உட்கார்ந்த மீசை, அவளுடைய வழக்கமான மாற்றாள். நல்லவன், ஆனால் அவனும் இதே கூட்டம். திங்கட்கிழமை காலை நடந்தது இதுதான். பத்து மணிக்குத் தங்கள் நேர்முகத் தேர்வு. அதே பத்து மணிக்கு மெத்தைக்காரர்கள் அந்தக் கையைத் தலையணை விளம்பரத்துக்காக இன்னொருமுறை கேட்டார்கள். அவள் இரண்டுக்கும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

"நேர்முகத் தேர்வுக்கு ஆள் அனுப்பறதா?" என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் அனுப்பறோமேப்பா. அவங்களுக்குத் தேவை ஒரு செலோ. போய்ச் சேர்ந்தா சரி."

"அறிவுள்ள எவரும் இப்படிச் செய்வார்களா? இது உன் மாமா தன் மானத்தைப் பணயம் வைத்து ஏற்படுத்திய வாய்ப்பல்லவா?" என்று கண்டிப்புடன் கேட்டேன்.

எனவே, அத்தான், தங்களை வேண்டிக்கொள்வது இதுதான். எனக்கும் என் மனைவிக்கும் பிறகு இவளுக்கு ஒரு நிலையான கூரை வேண்டும். இந்த ஒரு கவலையைத் தவிர எனக்கு வேறு கவலை கிடையாது. தாங்கள் குழுவைக் கூட்டி, நடந்தது தவறு என்று எடுத்துச் சொல்லி, மீசையின் நியமனத்தை ரத்து செய்து, மாத முடிவுக்குள் அவளை மறுபடி ஒருமுறை அழைக்க வேண்டும். இந்த முறை நானே அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து தங்கள் எதிரில் உட்காரவைக்கிறேன். இதை எழுதுவதைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இத்தனை பக்கம் எழுதறதுக்குப் பேசாம நேர்ல போய்க் கால்ல விழுந்திருக்கலாம். பஸ் இருக்கு" என்றாள். பேருந்தில் அந்தப் பெட்டிக்கு உட்கார இடம் கிடைத்துவிடுகிறது, எனக்குக் கிடைப்பதில்லை என்பதால் எழுத்தின் வழியாகவே விழுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவருகிறாளா என்று கேட்டதாகச் சொல்லவும். பெரியவர்கள் இருவரும் எங்கள் மூவரையும் இருந்த இடத்திலிருந்தே ஆசீர்வதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் தங்கள் சொல் மீறாத,
மைத்துனன்

பின்குறிப்பு: உறையில் இடுவதற்கு முன் பிழை பார்ப்பதற்காக இதை ஒருமுறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை. ஆனால் திங்கட்கிழமை காலை இங்கே நடந்ததாக நான் எழுதியது முழுவதும் பொய்.

மெத்தைக்காரர்கள் அன்று அவளைக் கூப்பிடவே இல்லை. மீசையைத் தொலைபேசியில் அழைத்தவன் நான். அவள் காலை ஏழு மணிக்கே குளித்துவிட்டு, சாம்பல்நிற உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பழக்க தோஷத்தில், விண்ணப்பப் படிவத்தோடு வந்த நியமன விதிகளை மறுபடியும் எடுத்துப் படித்தேன். ஒன்பதாம் விதி: 'பணியில் இருக்கும் காலம் முழுவதும் ஆசிரியர் பள்ளிக்கு வெளியே எங்கும், எவருக்காகவும் வாசிக்கக் கூடாது.' படித்ததும் அந்த வரியில் ஏதோ தவறு இருக்கிறது என்று தோன்றி, ஓரத்தில் பென்சிலால் குறி போட்டேன். மூன்று முறை தேடினேன். ஒரு பிழையும் இல்லை. அப்படியேதான் அச்சிட நினைத்திருக்கிறார்கள். நான் மாடிப்படியில் போய் நின்றுகொண்டு மீசையை அழைத்தேன். எனக்குத் தங்களிடம் முடியாது என்று சொல்ல நாற்பத்தாறு ஆண்டுகளாக வந்ததில்லை. ஆகவே, "நீ போய், அவளுக்கு வர விருப்பமில்லை என்று பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லிவிட்டு வந்துவிடு" என்றேன். முடியாது என்று சொல்வதற்கு அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவனை அனுப்பிய என் புத்தியை என்னவென்று சொல்வது. அவன் போன இடத்தில் காலி நாற்காலியைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான். அவளிடம், தேர்வைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று சொல்லியிருந்தேன். தங்கள் கடிதம் வந்த பிறகுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. "என் மேல போட்டு எழுதுங்கப்பா. மாமா என்னைத் திட்டினா நான் பார்த்துக்கறேன். உங்களைத் திட்டினா உங்களுக்கு ஒரு வாரம் சாப்பாடு இறங்காது. மறுபடி கூப்பிட்டா நான் போறேன்" என்றாள். மேலே அவள் பேசும் வசனம் அவளே சொல்லி எழுதியது. எனக்கான கண்டிப்பு வசனத்தை நான் சேர்த்துக்கொண்டேன். அப்படி நான் யாரிடமும் பேசியதில்லை.

சற்று முன்புதான் அந்த ஒன்பதாம் விதியை அவளிடம் காட்டினேன்.

"இது தெரியும்பா. படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்" என்றாள்.

"படித்துமா?"

"அந்த ஃபாரத்தை நாலு நாளா சட்டைப்பையிலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சீங்க. குளிக்கப் போகும்போதுகூட அம்மாகிட்ட குடுத்துட்டுப் போனீங்க. நான் என்ன பண்றது?"

சொல்லிவிட்டு நீதிபதிக்கு நாற்காலி போடப் போய்விட்டாள். அந்தத் தொழிலைப் பற்றியும் அவளைக் கூப்பிடுகிறவர்களைப் பற்றியும் மேலே எழுதியதில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. அது வேறு விஷயம். மீசை அங்கேயே இருக்கட்டும். அவனுக்கு அறையில் பூட்டுள்ள அலமாரி கிடைத்த மகிழ்ச்சி இன்னும் அடங்கவில்லை என்று கேள்விப்பட்டேன், அவனிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டாம். குழுவையும் கூட்ட வேண்டாம். அவள் வர மாட்டாள், அத்தான். எனக்கும் சம்மதம் இல்லை.

கடைசி வரி கோணலாகப் போயிருக்கிறது, மன்னிக்கவும். தபால் பெட்டி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. இதைக் கொண்டுபோய்ப் போட நான் ஆள் அனுப்பவில்லை.